நிலத்தடி நீர்ச் சோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆற்றுப்படுகை ஒன்றின் நிலத்தடி நீரை ஆராயக் கிளம்புபவர்கள், நல்ல ஆய்வகம் கிடைத்தால் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். கிணற்றடியில் செய்த பிழையை எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

மோட்டார் போட்டதும் வரும் முதல் தண்ணீரைப் பிடிக்காதீர்கள். அது குழாய்க்குள் தேங்கிக் கிடந்தது. மின்கடத்துதிறன், பிஎச் (அமில-கார அளவு), வெப்பநிலை மூன்றும் மாறாமல் நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம் பிடியுங்கள். பிஎச்சையும் காரத்தன்மையையும் (அமிலத்தை ஈடுகட்டும் திறன்) அங்கேயே அளந்துவிட வேண்டும். கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறினால் பிஎச் ஏறிவிடும், சுண்ணாம்பும் படியலாம்.

இரும்புள்ள நீரில் இந்த அலட்சியம் ஆபத்தானது. தெளிவாக வந்த தண்ணீர் புட்டியில் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். இரும்பு அப்படிப் படியும்போது ஆர்சனிக்கையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்ததை மட்டும் சோதித்தால் ஆர்சனிக் குறைவு என்று வரும். அதை நம்பிக் குடிப்பவர்களை நினைத்துப் பாருங்கள். உலோகங்களுக்கான மாதிரியை 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, உடனே நைட்ரிக் அமிலம் சேர்த்து பிஎச்சை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். நைட்ரேட்டுக்கு அமிலம் சேர்க்காத தனிப் புட்டி வேண்டும். இல்லையென்றால் நீங்கள் ஊற்றிய அமிலமும் கணக்கில் சேர்ந்துவிடும்.

டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) மீட்டரை மட்டும் நம்புவது அடுத்த தவறு. அது மின்கடத்துதிறனை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். 300 என்று காட்டும் நீரிலும் ஃபுளூரைடு, உலக சுகாதார நிறுவனம் சொல்லும் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டியிருக்கலாம். கால்சியம் குறைந்து சோடியமும் பைகார்பனேட்டும் மிகுந்த நீரில்தான் ஃபுளூரைடு தாராளமாகக் கரைந்து நிற்கும். நாக்குக்கு அது தெரியாது.

அலகையும் பாருங்கள். நைட்ரேட்டாக 50 மில்லிகிராம் என்பது நைட்ரஜனாகக் கணக்கிட்டால் சுமார் 11தான்.

முடிவுகள் வந்ததும் நீரில் கரைந்துள்ள நேர், எதிர் மின்னேற்றத் துகள்களான அயனிகளின் சமநிலையைச் சரிபாருங்கள். வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. சோடியத்தை அளக்காமல், சமநிலைக்குக் குறையும் மிச்சத்தை அதன் பெயரில் எழுதியிருந்தால் இந்தச் சோதனைக்கே அர்த்தமில்லை.

நீரின் வேதித்தன்மையைத் தீர்மானிப்பது மழையா, பாறையா, ஆவியாதலா என்று காட்டும் கிப்ஸ் வரைபடம் 1970-இல் வந்தது; அது மேற்பரப்பு நீருக்காக உருவானது. நிலத்தடி நீரின் கதையை அதை மட்டும் வைத்து முடிவுசெய்யக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே தரக் குறியீட்டு எண்ணாகச் சுருக்கினால், ஆர்சனிக் வரம்பை மீறிய கிணறும் ‘நன்று’ பட்டியலில் ஒளிந்துகொள்ளலாம். எந்தப் பொருள் மீறியது, எந்தக் கிணற்றில், எந்த ஆழத்தில், மழைக்கு முன்பா பின்பா என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.