நங்கூரம் இறக்கும்போது கைச்சாடை போதும்

பாய்மரப் படகில் கரையோரமாக நெடுந்தூரம் போன முதல் பருவத்தில், எனக்கும் கணவருக்கும் மனத்தாங்கல் வந்ததெல்லாம் நங்கூரம் இறக்கும் நேரத்தில்தான். சுக்கான் பிடித்தவர் கேட்பது படகின் முன்முனையான அணியத்தில் நிற்பவர் காதில் விழாது. அங்கிருந்து வரும் பதில் படபடக்கும் பாயின் சத்தத்தில் கரைந்துவிடும். புறப்படும் முன்பே சாடைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கை நீட்டிய பக்கம் திருப்பு, உள்ளங்கை விரித்தால் நில், முஷ்டி மடக்கினால் நங்கூரம் தரையைப் பிடித்துவிட்டது. எங்களுக்கு இந்த மூன்றே போதுமாக இருந்தது.

ராமநாதபுரம் கடலில் அணியத்தில் நிற்பவரின் கண்தான் முக்கியம். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதே இடம் பாருங்கள். வெளிர்பச்சையாகத் தெரிவது மணல். கரும்பழுப்புத் திட்டு பவளப்பாறையாகவோ கடல்புல்லாகவோ இருக்கும். அதன்மேல் நங்கூரம் விழவே கூடாது, ஒடிந்த பவளம் மீண்டும் வளரப் பல ஆண்டுகள் ஆகும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா என்பதால் அங்கே ஒதுங்க நினைக்காதீர்கள்.

வாடைக்காற்றுக் காலத்தில் தென்கடலும் (மன்னார் வளைகுடா), தென்மேற்குக் காற்று வீசும்போது வடகடலும் (பாக் விரிகுடா) ஓரளவு அமைதியாக இருக்கும்.