தொடு விசைகளில் மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் மாலை நேரங்களில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் தொடு விசைகள், அதாவது பொருள்கள் ஒன்றையொன்று தொடும்போது செலுத்தும் விசைகள், பற்றிய பாடம் தொடங்கியதும், அந்த வயதில் நான் செய்த அதே பிழைகள் புதுப்புதுக் கையெழுத்தில் என் மேசைக்கு வந்து சேர்கின்றன. அலகு எழுத மறப்பது, சைனையும் கோசைனையும் மாற்றிப் போடுவது ஆகியவை பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

செங்குத்து விசை என்றதும் எடையை எழுதிவிடுவது

பொருளும் தளமும் ஒன்றையொன்று அழுத்தும்போது, தளம் தன் பரப்புக்குச் செங்குத்தாகப் பொருளின்மீது செலுத்துவதே செங்குத்து விசை. அதற்கெனத் தனிச் சூத்திரம் கிடையாது. பொருள் தளத்துக்குள் புகாமலிருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவைத்தான் தளம் தரும். சமதளத்தில் சும்மா கிடக்கும் பொருளுக்கு அது எடைக்குச் சமமாக அமைந்துவிடுவதால் முதல் நான்கு கணக்குகளுக்கு விடை சரியாக வருகிறது. மாணவர்களைக் கெடுப்பவை அந்த நான்கு கணக்குகள்தாம்.

நானும் அப்படிக் கெட்டவனே. அரையாண்டுத் தேர்வில் அரிசி மூடையைத் தள்ளும் கணக்கொன்றில் எடையை எழுதி மதிப்பெண் முழுவதையும் இழந்துவிட்டு, படிகள் சரிதானே என்று ஆசிரியரிடம் வாதாடினேன். பிழை புரிந்தது எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த அரிசிக் கடையில். அங்கே மூடை நகர்த்துபவர் பின்னால் குனிந்து தள்ளவே இல்லை. அதன் இரண்டு காதுகளையும் பிடித்து, சற்றே மேலே தூக்கினாற்போல இழுத்துக்கொண்டு போனார்.

மூடை 20 கிலோகிராம், உராய்வுக் குணகம் 0.4, புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² எனக் கொள்வோம். அப்போது எடை 200 நியூட்டன். உராய்வு எட்டக்கூடிய உச்சம், செங்குத்து விசையைக் குணகத்தால் பெருக்கிய அளவு. கிடைத்தளத்துக்கு 30 பாகை சாய்வில் 100 நியூட்டன் விசையைச் செலுத்தினால் அதன் கிடைக்கூறு சுமார் 87 நியூட்டன், செங்குத்துக் கூறு 50 நியூட்டன். மேல்நோக்கி இழுக்கும்போது அந்த 50 எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால் செங்குத்து விசை 150, உராய்வின் உச்சம் 60, மூடை நகரும். அதே சாய்வில் கீழ்நோக்கித் தள்ளினால் செங்குத்து விசை 250, உராய்வின் உச்சம் 100, மூடை அசையாது. எடையை எழுதியவருக்கோ இரண்டிலும் உச்சம் 80 என்றே வரும். இரண்டிலும் மூடை நகர்ந்துவிடும், தாளில் மட்டும். விசைப்படத்தில் செங்குத்து விசைக்கு ஓர் எழுத்தை மட்டும் இட்டு, மதிப்பைச் சமன்பாட்டிலிருந்து பெறுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் அடுத்த வாரம் எடை திரும்பி வந்துவிடுகிறது.

உராய்வு என்றாலே குணகத்தால் பெருக்குவது

தள்ளியும் அசையாத அதே மூடையின்மீது செயல்படும் உராய்வு, தள்ளும் கிடைக்கூற்றுக்குச் சமமாக 87 நியூட்டன். 100 என்பது அதன் உச்ச வரம்பு மட்டுமே.

எடைக்கு எதிர்ச்செயலாகச் செங்குத்து விசையைக் காட்டுவது

இவ்விரண்டும் ஒரே மூடையின்மீது செயல்படுகின்றன. நியூட்டனின் மூன்றாம் விதி கூறும் இணைவிசைகள் இரு வேறு பொருள்களின்மீது செயல்படுபவை. எடைக்கு இணை, மூடை பூமியை மேல்நோக்கி ஈர்க்கும் விசை.

உராய்வை எப்போதும் போகும் திசைக்கு எதிராக வரைவது

ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் பிடிப்பவர்களுடைய காலடியைக் கவனியுங்கள். பாதம் வீதியைப் பின்னோக்கித் தள்ள, வீதியின் உராய்வு அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. உராய்வு எதிர்ப்பது பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதையே.

கயிற்றைத் தள்ள வைப்பது

கயிறு இழுக்கும், தள்ளாது. முன்னால் செல்லும் வடத்தால் தேரை நிறுத்த முடியாததால்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறார்கள்.