கால் நகம் கறுத்த கதை

கோவைக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒரு பூங்கா. அதைச் சுற்றி ஓடினால் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஒரு பக்கம் வேப்பமரமும் கருவேலமும், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் நீலம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகத்தில் அறையும்போது ஓடுவதே தனிச் சுகம்.

ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம் பெருவிரல் நகம் கறுத்தது, முட்டியும் வலித்தது. ஷூதான் மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். தினமும் நடக்க வரும் பெரியவர் ஒருவர், "ஏனுங் தம்பி, செங்குத்துல தடதடன்னு எறங்குறீங்களே, முட்டி என்னத்துக்குங் ஆகும்?" என்றார்.

அப்புறம்தான் புரிந்தது. இறக்கத்தில் பாதம் முன்னால் வழுக்கி, விரல் ஷூவின் நுனியில் இடிக்கிறது. ஷூவில் கடைசியாக, சும்மா கிடக்கும் ஓட்டை ஒன்று உண்டல்லவா? லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் திருப்பி விட்டு ஒரு சிறு வளையம் செய்தேன். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, ஒரு பக்க லேஸை எதிர்ப்பக்க வளையத்தில் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடிச்சுப் போட்டேன். குதிகால் அசையவில்லை. நகத்தையும் ஒட்ட வெட்டினேன்.

பூங்காவைச் சுற்றும் திசையையும் திருப்பிக்கொண்டேன். இப்போது செங்குத்தில் ஏற்றம், சாய்வான பக்கம் இறக்கம். இறங்கும்போது எட்டு வைப்பதைச் சிறிதாக்கி, முட்டியைக் கொஞ்சம் மடக்கியே ஓடுகிறேன். ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது, சரி, அதில் நடந்தே போகிறேன்.

முட்டி வலி பத்து நாளில் போய்விட்டது. நகம் மட்டும் முழுசாக வளர்ந்து வர மாசக்கணக்கானது.