குற்ற உணர்வை 24 பக்கத்தில் வரைவது எப்படி

ஒரே இதழில் தொடங்கி முடிகிற தனிக்கதை மங்காவை (ஜப்பானியச் சித்திரக்கதை) ஜப்பானில் 'யோமிகிரி' என்பார்கள். குற்ற உணர்வு, பரிகாரம், ஏற்பு மூன்றுக்கும் அதில் 24 பக்கம் தாராளம். முதல்முறை வரைபவர்கள் பலர் செய்யும் பிழை, நாயகனை எட்டாம் பக்கத்திலேயே அழவிடுவது. அதற்குப் பிறகு வாசகருக்கு வேலையில்லை.

பேனாவைத் தொடுமுன் குற்றத்தை ஒரு வரியில் எழுதுங்கள். "நண்பனைக் காப்பாற்றவில்லை" என்பதை வரைய முடியாது. "சைக்கிளில் முன் பிரேக் பிடிக்காது என்று தெரிந்தும் சொல்லாமல் இரவல் கொடுத்தான்" என்றால் வரைய லீவர் இருக்கிறது, விரல் இருக்கிறது, சரிவுத் தெரு இருக்கிறது. ஜப்பானில் முன் பிரேக் வலக்கை லீவரில் இருக்கும். ஆகவே கதை முழுக்க அவனுடைய வலக்கையைக் கவனியுங்கள். தவறு சின்னதாக இருப்பதே நல்லது. கொலைகாரனிடமிருந்து வாசகர் எளிதாக விலகிக்கொள்வார், இவனிடமிருந்து முடியாது.

அடுத்தது 'நேம்', அதாவது கட்டங்களும் வசனங்களும் மட்டும் கொண்ட கரட்டு வரைவு. 24 பக்கத்தையும் சின்னப் பெட்டிகளாக ஒரே தாளில் போடுங்கள். 1ஆம் பக்கம் தனி, பிறகு 2-3, 4-5 என்று எதிரெதிர் ஜோடிகள், 24 தனி. புத்தகம் வலமிருந்து இடமாகப் போனாலும் இடமிருந்து வலமாகப் போனாலும், தாளைப் புரட்டியதும் முதலில் கண்ணில் படுவது இரட்டைப்படைப் பக்கம். அதிர்ச்சி அங்கே வர வேண்டும், அதற்கான தூண்டில் முந்தைய ஒற்றைப்படைப் பக்கத்தின் கடைசிக் கட்டத்தில்.

நம் உதாரணக் கதையை இப்படிப் பிரிக்கலாம். 2 முதல் 5 வரை நாயகன் சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில், எல்லா வண்டியின் பிரேக்கையும் இரண்டு தரம் சோதிக்கிறான். ஏன் என்று சொல்லாதீர்கள். 6இல் இறந்துபோன நண்பனின் தாய் பழைய சைக்கிளோடு வருகிறார், இளைய மகள் பள்ளிக்கு ஓட்டிப்போக. 9இன் கடைசிக் கட்டத்தில் அவன் விரல் லீவரை அழுத்த, அது கைப்பிடி வரை போய் ஒட்டுகிறது. புரட்டினால் 10இல் அதே லீவர், அதே கோணம், சிறுவனின் கை. 13 வரை கடந்தகாலம். அந்த நான்கு பக்கத்திலும் கட்டங்களுக்கு இடையிலான வெளியைக் கறுப்பால் நிரப்புங்கள். இது மங்கா வாசகர்களுக்குப் பழகிய அடையாளம், 'பத்து ஆண்டுகளுக்கு முன்' என்று எழுதத் தேவையில்லை. விபத்தை வரைய வேண்டாம். சரிவின் உச்சியில் நண்பன் கையசைப்பதோடு நிறுத்துங்கள்.

14 முதல் 17 வரை ஒப்புதல். இங்கே மொழிதான் கருவி. கடைக்காரனாக நண்பனின் தாயை 'ஓக்யாகுசாமா' (வாடிக்கையாளரே) என்று அழைத்தவன், சிறுவயதில் கூப்பிட்ட 'ஓபாசான்' (அத்தை) என்பதற்குத் திரும்புகிறான். மன்னிப்பும் அப்படியே. கனமான 'மோஷிவாகே அரிமாசென்' கடைகளில் தினமும் புழங்கித் தேய்ந்த சொல். சிறுபிள்ளைகள் சொல்லும் 'கோமென் நசாய்' அவன் வாயில் அதைவிடக் கனக்கும். தமிழ்ச் சூழலில் வரைந்தால் 'மேடம்' என்பது 'அத்தை' ஆகிற கட்டம் இதே வேலையைச் செய்யும்.

18 முதல் 21 வரை வசனமே வேண்டாம். துருவேறிய கேபிளை உருவுவது, புதியதைச் செருகுவது, இறுகிப்போன பிரேக் கட்டையை மாற்றுவது. மற்றப் பக்கங்களில் ஐந்தாறு கட்டம் இருந்தால் இங்கே மூன்றுதான், அப்போதுதான் நேரம் மெதுவாக நகரும். பரிகாரத்தை எட்டுக் கட்டத்தில் ஓட்டிவிட்டால் அது செலவில்லாத பரிகாரமாகத் தெரியும்.

அதிகம் கெடுவது 22-23இல். தாய் "உன்னை மன்னித்துவிட்டேன்" என்று நீளமாகப் பேசினால் அவர் பாத்திரமாக இல்லாமல் நாயகனுக்குப் பரிசு கொடுக்க வந்தவர் ஆகிவிடுவார். ஏற்பு என்பது மன்னிப்பு அல்ல. அவர் கோபம் அப்படியே இருக்கலாம். "இன்னொரு தடவை அழுத்திக் காட்டு" என்று கேட்டு, தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு வண்டியை வாங்கிக்கொள்ளட்டும்.

இனி தாள். வணிக இதழ்களுக்கான பி4 தாள் 257 × 364 மி.மீ. வெட்டியபின் 220 × 310, உள்சட்டம் 180 × 270. வசனக் குமிழிகளும் முகங்களும் உள்சட்டத்தைத் தாண்டினால் வெட்டிலும் முதுகு மடிப்பிலும் மாட்டிக்கொள்ளும். பக்கவாட்டில் கட்டங்களுக்கிடையே 3 மி.மீ., மேல்கீழ் வரிசைகளுக்கிடையே 7, 8 மி.மீ. விடுங்கள். இரண்டும் ஒரே அளவானால் கண் எந்தப் பக்கம் போவது என்று தடுமாறும். உருவங்களுக்கு அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும் ஜி பேனா, கண்ணுக்கும் பற்சக்கரத்துக்கும் மெல்லிய கோடு போடும் மாரு பேனா. ஜப்பானியக் குமிழி செங்குத்து எழுத்துக்காக ஒடுங்கி உயர்ந்திருக்கும். அதற்குள் தமிழை அடைத்தால் ஒவ்வொரு சொல்லும் உடையும், எனவே அகலமாகப் போடுங்கள், குமிழிக்கு எட்டுச் சொல்லுக்கு மேல் வேண்டாம்.

24ஆம் பக்கம் ஒரே கட்டம். சரிவின் அடியில் சிறுமி நிற்கிறாள், சக்கரத்தருகே சின்ன எழுத்தில் 'கிரீச்'.