ஜிமேட்டா, ஜிஆர்ஈயா? நிதி முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரமும் ஒரு தம்பி போன் செய்தான். பி.காம் கடைசி வருடம், வெளிநாட்டில் எம்.எஸ்சி ஃபைனான்ஸ் படிக்க ஆசை. அதற்குப் பல இடங்களில் ஜிமேட் (பிசினஸ் ஸ்கூல்களுக்கான நுழைவுத் தேர்வு) அல்லது ஜிஆர்ஈ (பல துறை முதுநிலைப் படிப்புகளுக்கும் பொதுவான தேர்வு) மதிப்பெண் கேட்பார்கள். "அண்ணா, ஜிமேட், ஜிஆர்ஈ ரெண்டுல எது ஈஸி?" எட்டு வருடத்துக்கு முன்னால் நானும் இதே கேள்வியைக் கேட்டுத்தான் ஒரு வருடத்தை இழந்தேன். சீக்கிரம் பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர் கொடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

கல்லூரிப் பட்டியல் போடும் முன்பே தேர்வை முடிவு செய்வது

"ஃபைனான்ஸ் என்றால் பிசினஸ் ஸ்கூல், பிசினஸ் ஸ்கூல் என்றால் ஜிமேட்" என்று பயிற்சி மையத்தில் சொன்னார்கள். நம்பினேன். ஐந்து மாதம் ராத்திரி பகலாக, அப்போது ஜிமேட்டில் இருந்த வாக்கியத் திருத்தம் (ஆங்கில வாக்கியத்தில் பிழை திருத்தும் பகுதி) படித்தேன். மதிப்பெண்ணும் நன்றாகவே வந்தது. அப்புறம்தான் எங்கே விண்ணப்பிக்கலாம் என்று தேட உட்கார்ந்தேன். நான் கணிதம் படித்தவன். மனதுக்குப் பிடித்தவை எல்லாம் கணித நிதி, நிதிப் பொறியியல் படிப்புகள். ஆறில் நாலு இடத்தில் ஜிஆர்ஈ மட்டும்தான். கடைசித் தேதிக்கு மூன்று வாரமே இருந்தது. அப்பா கட்டிய தேர்வுக் கட்டணமும் போனது, அந்த வருடமும் போனது.

நிதி என்று ஒரே பெயர் இருந்தாலும் படிப்பு எந்தத் துறைக்குக் கீழே நடக்கிறது என்பதுதான் முக்கியம். பிசினஸ் ஸ்கூல் நடத்தினால் பெரும்பாலும் இரண்டில் எதையும் ஏற்பார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் உள்ள பிசினஸ் ஸ்கூலான ஸ்லோனின் மாஸ்டர் ஆஃப் ஃபைனான்ஸ் அப்படித்தான். கணிதத் துறையோ பொறியியல் துறையோ நடத்தினால், மற்ற எம்.எஸ் படிப்புகளுக்குக் கேட்கிற ஜிஆர்ஈயையே இதற்கும் கேட்பது வழக்கம். ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைக்கு இரண்டு விதி இருக்கும். அதனால் பத்துப் படிப்புகளை எழுதுங்கள். ஒவ்வொன்றின் சேர்க்கைப் பக்கத்தையும் தனித்தனியாகப் படியுங்கள். பல்கலைக்கழகத்தின் பொதுப் பக்கம் போதாது. இரண்டு வகையும் கலந்திருந்தால் ஜிஆர்ஈ எழுதுவதுதான் பத்திரம். இந்த வேலைக்கு ஒரு சாயங்காலம் போதும். இதைச் சொல்லாமல் பயிற்சி மையங்களில் இன்றும் பிள்ளைகளை நேராக வகுப்பில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

எது ஈஸி என்று ஊராரைக் கேட்பது

பட்டியலில் எல்லா இடத்திலும் இரண்டும் செல்லும் என்றால் மட்டும் இந்தக் கேள்விக்கு வாருங்கள். இரண்டு தேர்வுக்கும் அதிகாரபூர்வ மாதிரித் தேர்வுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டிலும் ஒவ்வொன்று எழுதிப் பாருங்கள். ஜிஆர்ஈயில் சொல்வளம் வேண்டும். கணக்குப் பகுதியில் திரையிலேயே கால்குலேட்டர் உண்டு. ஜிமேட் கணக்குப் பகுதியில் அது கிடையாது. ஆனால் வடிவியலை எடுத்துவிட்டார்கள். அட்டவணை, வரைபடம் பார்த்துப் பழகிய பி.காம் பிள்ளைகளுக்கு அதன் டேட்டா இன்சைட்ஸ் பகுதி கைகொடுக்கும்.

சீனியரின் பழைய புத்தகம்

2023 நவம்பரில் ஜிமேட் மாறிவிட்டது. பழைய புத்தகத்தில் இருக்கும் வாக்கியத் திருத்தமும் கட்டுரையும் இப்போது தேர்வில் இல்லை.

பழைய 700-ஐத் துரத்துவது

ஜிமேட்டில் 700 எடுத்தால் நல்ல மதிப்பெண் என்பது பழைய கணக்கு. இப்போதைய அளவுகோல் 205 முதல் 805 வரை. பழைய 700-க்கு ஈடு, ஏறத்தாழ 645.

ஜிஆர்ஈயில் கூட்டுத்தொகையைப் பார்ப்பது

மொழிப் பகுதியையும் கணக்குப் பகுதியையும் கூட்டிப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். நிதிப் படிப்புக்குக் கணக்குதான் முதலில் கண்ணில் படும். அதில் 170-க்கு 165 வந்தால் போதும் என்று நிற்காதீர்கள். முழு 170 எடுத்தவர்களே ஏராளம்.

கேட் மாதிரி நினைத்துத் தள்ளிப்போடுவது

ஐஐஎம்களுக்கான கேட் மதிப்பெண் அந்த ஒரு சேர்க்கைக்குத்தான். ஜிமேட்டும் ஜிஆர்ஈயும் ஐந்து ஆண்டு செல்லும். கல்லூரியில் இருக்கும்போதே எழுதிவிட்டால், மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டும் அதே மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம்.