செங்கோட்டைக் கடைக்கு பில்லிங்கில் வரிக் குறியீடு அமைப்பது எப்படி?

"தம்பி, புனலூர்க்காரர் வந்து சோப்பு வாங்கினா ஐஜிஎஸ்டி போடணுமா?" இங்கே எந்தக் கடைக்கு பில்லிங் மென்பொருள் அமைக்கப் போனாலும் அண்ணாச்சிமார் முதலில் கேட்பது இதைத்தான். ஐஜிஎஸ்டி என்பது வெளிமாநில விற்பனைக்குப் போடும் ஜிஎஸ்டி. நியாயமான கேள்வி. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. இன்றும் புளியரையைத் தாண்டினால் கேரளா, புனலூர் அங்கேதான். கல்லாவுக்கு முன்னால் தமிழும் மலையாளமும் கலந்துதான் நிற்கும். பதிலுக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் அடித்தளத்தைச் சரியாகப் போட வேண்டும்.

ஒன்று மட்டும் முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் முறை) இருந்தால் பில்லில் வரி வசூலிக்கவே கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் முடியாது. இந்த விளக்கம் உங்களுக்கானது அல்ல.

முதல் வேலை, கடை விவரப் பக்கம். 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணைப் பதியுங்கள். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும், கேரளாவுக்கு 32. அதே பக்கத்தில் மாநிலத்தையும் தமிழ்நாடு என்று தேர்ந்தெடுக்க வேண்டும். இது காலியாக இருந்தால் பின்னால் எந்த வரியும் சரியாகப் பிரியாது.

அடுத்து வரிக் குறியீடுகள். மாநிலத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று என்று உருவாக்காதீர்கள்; விகிதத்துக்கு ஒன்று போதும். 2025 செப்டம்பர் 22 முதல் மளிகைக் கடைக்குப் பெரும்பாலும் தேவைப்படுவது நான்குதான்: வரியில்லை, 5, 18, 40. 'ஜி5' என்று ஒரு குறியீடு உருவாக்கினால், அதற்குள் உள்மாநில விற்பனைக்கு சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு) 2.5, எஸ்ஜிஎஸ்டி (மாநில அரசின் பங்கு) 2.5, வெளிமாநில விற்பனைக்கு ஐஜிஎஸ்டி 5 என மூன்று கட்டங்களையும் நிரப்புங்கள். எந்த பில்லுக்கு எது என்பதை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். வரியில்லாத பொருளுக்கும் தனிக் குறியீடு கட்டாயம் வேண்டும். காலியாக விட்டால், வரி இல்லாததா மறந்துபோனதா என்று மாதக் கடைசியில் தெரியாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. விகிதம் மாறும்போது பழைய குறியீட்டைத் திருத்தவே கூடாது. அந்த செப்டம்பரில் ஒரு கடையில் அவசரத்தில் 12-ஐ அழித்து 5 என்று மாற்றிவிட்டார்கள். அந்த மென்பொருளில் பழைய பில்களின் வரியும் கூடவே மாறிவிட்டது. தாக்கல் செய்த கணக்கோடு எதுவும் ஒத்துப்போகவில்லை. இரண்டு ராத்திரி உட்கார்ந்து பேக்கப்பிலிருந்து மீட்டோம். புதிய குறியீடு உருவாக்கிப் பொருள்களை அதற்கு மாற்றுங்கள். பழையதும் இருக்கட்டும், முன்பு விற்ற சரக்கு திரும்பி வந்தால் பழைய விகிதத்தில்தான் வரவு வைக்க வேண்டும்.

அப்புறம் 'விலையில் வரி அடக்கம்' என்ற டிக். எம்ஆர்பியில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. 45 ரூபாய் குளியல் சோப்புக்கு இந்த டிக் இருந்தால் சரக்கு மதிப்பு 42.86, வரி 2.14. டிக் இல்லையென்றால் பில் 47.25 என்று வரும். அது எம்ஆர்பிக்கு மேல் வாங்குவது, சட்டப்படி தவறு.

இனி பொருள்களுக்குக் குறியீட்டை ஒட்டுவது. பொறுமை தேவைப்படும் இடம் இதுதான். கொள்முதல் பில்லைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எச்எஸ்என் எண்ணையும் (பொருளின் வகையைக் குறிக்கும் எண்) விகிதத்தையும் ஒவ்வொன்றாகப் பதியுங்கள். குளியல் சோப்பு 3401, 5 சதவீதம். துணி சோப்புத்தூள் 3402, 18 சதவீதம். இரண்டும் ஒரே அலமாரியில் இருப்பதால் 'சோப்பு' என்று ஒரே வகையில் போட்டுவிடாதீர்கள். கோலா பானங்களுக்கு 40. அரிசி இன்னும் கவனம்: மூட்டையிலிருந்து அளந்து கொடுக்கும் சில்லறை அரிசிக்கு வரியில்லை, முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான பைக்கு 5. எனவே ஒரே அரிசிக்கு இரண்டு பொருள் பதிவு வேண்டும்.

இப்போது புனலூர்க்காரர். கடைக்கு வந்து, முகவரி எதுவும் எழுதாமல், பையில் போட்டுக்கொண்டு போகிறார் என்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டிதான். அவர் பேசும் பாஷையோ வண்டி நம்பரோ வரியைத் தீர்மானிக்காது. ஜிஎஸ்டி பதிவு இல்லாதவருக்கு, பில்லில் எழுதிய முகவரிதான் கணக்கு. முகவரி இல்லையென்றால் கடை இருக்கும் இடம். 2023 அக்டோபர் 1 முதல் சட்டம் இப்படித்தான். அதனால் பில்லில் கேரள முகவரி ஏறினால் ஐஜிஎஸ்டி வரும். ஆரியங்காவு ஓட்டலுக்கு, 32-ல் தொடங்கும் எண்ணோடு சரக்கு அனுப்பினாலும் ஐஜிஎஸ்டிதான். வாடிக்கையாளர் பதிவில் மாநிலத்தைச் சரியாகக் கொடுத்தால் போதும்.

கடை திறக்கும் முன் ஒரு சோதனை பில் போடுங்கள். சில்லறை அரிசி 60, அந்த 45 ரூபாய் சோப்பு, 118 ரூபாய் சோப்புத்தூள். மொத்தம் 223, சிஜிஎஸ்டி 10.07, எஸ்ஜிஎஸ்டி 10.07 என்று வர வேண்டும். அதே பில்லில் வாடிக்கையாளரை ஆரியங்காவு ஓட்டலுக்கு மாற்றுங்கள். மொத்தம் அசையாமல், ஐஜிஎஸ்டி 20.14 என்று ஒரே வரியில் வந்தால் சரி. பார்த்ததும் அந்த பில்லை ரத்து செய்துவிட்டு ஒரு பேக்கப் எடுத்து வையுங்கள்.