தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆதரவுச் சிகிச்சையைக் கேட்டுப் பெறுவது எப்படி

வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆதரவுச் சிகிச்சை வேண்டும் என்றதுமே, "கைவிட்டுவிட்டார்களா?" என்ற கேள்வி உறவினரிடையே எழுந்துவிடுகிறது. குணப்படுத்தும் முயற்சி நடக்கும்போதே வலி, மூச்சுத்திணறல், பயம் ஆகியவற்றைத் தணிப்பதே இச்சிகிச்சை என்பதால், நிலைமை முற்றும்வரை காத்திராமல் முதல் சில நாட்களுக்குள் மருத்துவரிடம் இதற்கென நேரம் கேளுங்கள்.

அந்தச் சந்திப்பில், எந்த அளவுக்குத் தேறுவார் என்று எதிர்பார்க்கலாம், சிகிச்சை பலன் தருகிறதா என்பதை எந்த நாளில் மீண்டும் பரிசீலிப்பார்கள் என்ற இரண்டையும் கேளுங்கள். "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்பதைவிட, நோயாளி எதை முக்கியமாகக் கருதியவர், எதை விரும்பாதவர் என்று சொல்வது மருத்துவருக்கு மிகவும் உதவும்.

தொண்டையில் குழாய் இருப்பதால் பேச முடியாதவருக்கு வலியே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. முகச்சுளிப்பு, உடலசைவு, தசை இறுக்கம், வென்டிலேட்டரோடு ஒத்துப்போகாமை ஆகிய நான்குக்கும் தலா 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 3 அல்லது அதற்கு மேல் வந்தால் வலி இருக்கக்கூடும் எனக் கொள்ளும் முறை உண்டு. இன்று எவ்வளவு வந்தது என்று செவிலியரிடம் தயங்காமல் கேட்கலாம். அவருடைய முகத்தைப் பல ஆண்டுகளாக அறிந்த நீங்கள் கவனிப்பதையும் சொல்லுங்கள். புரட்டிப் படுக்கவைப்பதும் சளி உறிஞ்சுவதும் வலிக்கும் என்பதால், முன்கூட்டியே வலி மருந்து தர இயலுமா என்று விசாரியுங்கள். மார்ஃபினைக் கண்டு அஞ்ச வேண்டாம்: கண்காணிப்போடு சரியான அளவில் தரும்போது அது மூச்சுத்திணறலையும் தணிக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

உலர்ந்த வாய் பெரும் வேதனை. செவிலியரின் அனுமதியோடு ஈரப் பஞ்சால் உதட்டையும் வாயையும் நனைத்துவிடுங்கள். கண்ணாடி, காதுக்கருவி இருந்தால் அணிவிக்கச் செய்து, கையைப் பிடித்து, இன்று என்ன கிழமை என்று சொல்லிப் பேசுங்கள். குழப்பம் குறைய அது உதவும்.

இனி மீட்சி இல்லை என்ற நிலையில் உயிர்காக்கும் கருவிகளை விலக்குவதற்கு, உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிமையாக்கிய நடைமுறை உள்ளது. இரண்டு மருத்துவக் குழுக்கள் தனித்தனியே ஆராய வேண்டும்; குடும்பத்தின் ஒப்புதல் தேவை. நோயாளி முன்பே இரு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று பெற்ற விருப்ப ஆவணம் (இத்தகைய நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று எழுதிவைத்தது) இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிகளை விலக்கிய பின்னும் வலி மருந்தும் பராமரிப்பும் தொடர வேண்டும்; அந்தத் திட்டத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அழைத்துச் செல்ல முடிவானால், தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் வீட்டுக்கே வரும் ஆதரவுச் சிகிச்சை பற்றி, டிஸ்சார்ஜுக்கு முன்பே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வையுங்கள்.